ஆள் எண்ணினால் வலிமை தெரியுமா?

புத்தாண்டு பிறந்த சில நாட்களிலேயே உலக நாடுகளின் ராணுவ பலத்தை வரிசைப்படுத்தும் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். 'குளோபல் ஃபயர்பவர்' என்ற இணையதளம் வெளியிடும் பட்டியல் அது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகியவற்றை அடுத்து நான்காம் இடத்தில் இந்தியாவைப் பல ஆண்டுகளாக அதில் பார்க்கலாம். படைவீரர்கள், டாங்கிகள், போர் விமானங்கள், கப்பல்கள், எண்ணெய் இருப்பு, மக்கள்தொகை என்று 60-க்கும் மேற்பட்ட விவரங்களைப் போட்டுக் கலக்கி, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே ஒரு மதிப்பெண் கொடுத்துவிடுகிறார்கள்.

பட்டியலைப் பார்ப்பவர் அன்னவாசல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தாலும் சரி, சென்னை அலுவலகத்தில் இருந்தாலும் சரி, மனதில் எழும் சந்தேகம் ஒன்றுதான். டாங்கியையும் கப்பலையும் ஆட்களையும் எப்படி ஒன்றாகக் கூட்டினார்கள்? பட்டியலில் மேலே இருப்பவர்தான் ஜெயிப்பார் என்றால், சின்னப் படைகள் பெரிய படைகளை விரட்டிய வரலாறெல்லாம் எப்படி நடந்தது?

இதற்கு விடை தேட வெளிநாட்டுப் போர்க்களங்களுக்குப் போகுமுன் புதுக்கோட்டைச் சீமையைச் சுற்றிப் பார்ப்பது நல்லது. சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்க்க வருவோர் கடந்து செல்லும் அன்னவாசல், ஒரு காலத்தில் தொண்டைமான்கள் ஆண்ட நாட்டின் ஒரு பகுதி. வடக்கே திருச்சிராப்பள்ளி. 1750-களில் அந்தக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்டவர்களும், மைசூர்ப் படையும், மராத்தியரும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். அந்தப் போர்களில் இரண்டு சம்பவங்கள், படை வலிமையை எண்ணும் முறைகளுக்குப் பாடநூல் போல அமைந்திருக்கின்றன.

யானைக்கு எத்தனை ஆள்?

படைகளை ஒப்பிடும் ஆசை பழையது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் அதற்கு ஒரு மாற்று விகிதமே இருக்கிறது. ஒரு குதிரைவீரனை எதிர்க்க மூன்று காலாட்கள் வேண்டும். ஒரு யானையையோ தேரையோ எதிர்க்கப் பதினைந்து காலாட்கள் அல்லது ஐந்து குதிரைகள் வேண்டும். இந்த விகிதத்தை வைத்துக்கொண்டால் எந்தப் படையையும் காலாள் கணக்கில் சொல்லிவிடலாம். பத்து யானை, நூறு குதிரை, ஐநூறு காலாள் உள்ள படை, 950 காலாளுக்குச் சமம்.

இருபதாம் நூற்றாண்டிலும் இதே வழிதான். 1970-களில் அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வாளர்கள் ஒவ்வொரு துப்பாக்கிக்கும், பீரங்கிக்கும், டாங்கிக்கும் மதிப்பெண் போட்டு, ஒரு டாங்கிப் படைப்பிரிவின் மொத்த மதிப்பை அளவுகோலாக வைத்தார்கள். மேற்கு ஐரோப்பாவில் இருந்த படைகளும் சோவியத் அணியின் படைகளும் அந்த அளவுகோலில் எத்தனை எத்தனை என்று அளக்கப்பட்டன. இன்றைய இணையப் பட்டியல்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இதைக் 'கூட்டல் முறை' எனலாம்: ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, எல்லாவற்றையும் கூட்டினால் வலிமை.

திருக்குறள் இதை வேறு விதமாகப் பார்க்கிறது. வலியறிதல் என்ற 48-ஆம் அதிகாரம், எடுத்த காரியத்தின் கடுமை, தன் பலம், எதிரியின் பலம், இரு தரப்புக்கும் துணை நிற்போரின் பலம் என நான்கையும் சீர்தூக்கச் சொல்லித்தான் தொடங்குகிறது. அதற்கு அடுத்த அதிகாரம் காலமறிதல், அதையும் அடுத்தது இடனறிதல். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது கவனிக்க வேண்டிய விஷயம். கூட்டல் முறையில் காலத்துக்கும் இடத்துக்கும் இடமே இல்லை.

கார் செய்தவர் போட்ட கணக்கு

கூட்டல் எங்கே தவறுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டியவர், இங்கிலாந்தில் தொடக்ககாலப் பெட்ரோல் கார்களை வடிவமைத்த பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர். விமானங்கள் எப்படிப் பறக்கின்றன என்பதையும் ஆராய்ந்தவர் அவர். முதல் உலகப் போர் வெடித்த 1914-இல், வானத்தில் நடக்கப்போகும் சண்டைகளைப் பற்றி 'என்ஜினியரிங்' இதழில் ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். 1916-இல் அது நூலாகவும் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ரஷ்யாவில் ஒசிபோவ் என்பவரும் தனியாக அதே கணக்கை வந்தடைந்தார்.

லான்செஸ்டர் சண்டைகளை இரண்டு வகையாகப் பிரித்தார். முதல் வகை, வாளும் ஈட்டியும் கொண்டு நடக்கும் கைகலப்பு. அங்கே ஒருவன் எதிரே ஒருவன்தான் நிற்க முடியும். மற்றவர்கள் பின்னால் முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இருவரும் சமதிறமை என்றால், இந்தப் பக்கம் ஒருவர் விழுந்தால் அந்தப் பக்கமும் ஒருவர் விழுவார். 1,000 பேர் 500 பேருடன் மோதினால், 500 பேர் அழியும்போது ஆயிரத்திலும் 500 பேர் போயிருப்பார்கள். இதற்கு 'நேர் விதி' என்று பெயர்.

இரண்டாம் வகை, துப்பாக்கிச் சண்டை. திறந்த வெளியில் எல்லோரும் ஒரே நேரத்தில் சுடலாம். பத்துப் பேர் சேர்ந்து ஒருவனைக் குறி வைக்கலாம். இங்கே எண்ணிக்கை இரண்டு வேலை செய்கிறது. அதிக ஆள் உள்ள பக்கம் அதிகக் குண்டுகளை அனுப்புகிறது. அதே சமயம், எதிரியிடமிருந்து வரும் சொற்பக் குண்டுகள் அதிகப் பேரிடையே பங்கிடப்படுகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று பெருகுவதால், படையின் வலிமை ஆள் எண்ணிக்கையின் வர்க்கமாக, அதாவது அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கிய அளவாக ஏறுகிறது. லான்செஸ்டரின் 'இருபடி விதி' இதுதான்.

நிமிடம் நிமிடமாக ஒரு சண்டை

வர்க்கம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு பக்கம் 1,000 பேர், எதிரே 500 பேர். இருவருக்கும் ஒரே துப்பாக்கி, ஒரே பயிற்சி. ஒரு நிமிடத்தில் பத்துப் பேர் சுட்டால் ஒரு குண்டு பலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நிமிடத்தில் ஆயிரவர் சுட்டதில் எதிரே 100 பேர் விழுகிறார்கள். ஐநூற்றுவர் சுட்டதில் இந்தப் பக்கம் 50 பேர் விழுகிறார்கள். இப்போது களத்தில் 950-க்கு 400.

இரண்டாம் நிமிடம்: 950 பேரின் குண்டுகளுக்கு 95 பேர் பலி, 400 பேரின் குண்டுகளுக்கு 40 பேர் பலி. மீதி 910-க்கு 305. மூன்றாம் நிமிட முடிவில் 880-க்கு 214. நான்காவதில் 859-க்கு 126. ஐந்தாவதில் 846-க்கு 40. ஆறாம் நிமிடத்தில் சின்னப் படையில் ஒருவரும் இல்லை. பெரிய படையில் 842 பேர் நிற்கிறார்கள்.

நிமிடத்தை நொடிகளாகவும் நொடியின் சிறு துண்டுகளாகவும் நறுக்கிக் கணக்கிட்டால், மிஞ்சுவோர் எண்ணிக்கை 866-இல் வந்து நிற்கும். அதற்குக் குறுக்கு வழியும் உண்டு. 1,000-இன் வர்க்கம் பத்து லட்சம். 500-இன் வர்க்கம் இரண்டரை லட்சம். கழித்தால் ஏழரை லட்சம். எந்த எண்ணின் வர்க்கம் அது என்று பார்த்தால் ஏறத்தாழ 866.

கைகலப்பில் 500 பேரை இழந்து பெற்ற அதே வெற்றியைத் துப்பாக்கிச் சண்டையில் 134 பேரை மட்டும் இழந்து பெறுகிறது பெரிய படை. இன்னொரு விளைவும் உண்டு. பாதி எண்ணிக்கை உள்ள படை சமமாக நிற்க வேண்டுமானால், அதன் ஒவ்வொரு வீரரும் இரண்டு மடங்கு திறமைசாலியாக இருந்தால் போதாது, நான்கு மடங்கு இருக்க வேண்டும்.

இதையே திருப்பினால், எதிரியைப் பிரித்து அடிப்பதன் லாபம் தெரியவரும். லான்செஸ்டர் இதற்கு 1805-ஆம் ஆண்டு டிரஃபால்கர் கடற்போருக்கு முன் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் எழுதிவைத்த திட்டத்தை எடுத்துக்கொண்டார். அதன்படி பிரிட்டிஷ் கப்பல்கள் 40, எதிரிக் கப்பல்கள் 46. நேருக்கு நேர் நின்றால் 1,600-க்கு 2,116, தோல்வி நிச்சயம். ஆனால் எதிரி வரிசையை நடுவில் வெட்டி இரண்டு 23-களாக்கி, ஒரு பாதி மீது 32 கப்பல்களும், மறு பாதியைத் தடுக்க 8 கப்பல்களும் போனால், 1,088-க்கு 1,058. தராசு மயிரிழையில் இந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. உண்மையில் போர் நடந்த நாளில் எண்ணிக்கை 27-க்கு 33 ஆக இருந்தது. வரிசையை வெட்டும் உத்தி மாறவில்லை.

கிள்ளுக்கோட்டை வண்டித் தொடர், 1754

இனி புதுக்கோட்டைச் சீமைக்குத் திரும்பலாம். 1754 தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் முகாமிட்டிருக்க, திருச்சிக் கோட்டையில் ஆங்கிலேயரும் நவாப் முகமது அலியின் ஆட்களும் இருந்தார்கள். கோட்டைக்கு அரிசி வர வேண்டிய வழி ஒன்றுதான்: தொண்டைமான் நாடு. அன்னவாசலுக்கு வடகிழக்கே, கீரனூரையும் தாண்டி இருக்கும் கிள்ளுக்கோட்டைப் பகுதியில் மூட்டைகள் சேர்க்கப்பட்டு, காவலோடு திருச்சிக்குப் போகும். அதற்கு முன் பல தொடர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தன.

பிப்ரவரியில் புறப்பட்ட தொடருக்குக் காவல் பலமாகவே இருந்தது. சுமார் 180 ஐரோப்பிய வீரர்கள், 800 சிப்பாய்கள், நான்கு பீரங்கிகள். முந்தைய போர்களில் பெயரெடுத்த கிரனேடியர் கம்பெனியும் அதில் இருந்தது. திருச்சியில் இருந்த ஆங்கிலப் படையில் பாதிக்கு மேல் இதுவே. ஆனால் காவல் தளபதி அவர்களைச் சிறு சிறு குழுக்களாக்கி, நீண்டு கிடந்த வண்டி வரிசையின் இருபுறமும் நெடுக நிறுத்தினார். ஆபத்துக்கு உதவ ஒதுக்கிவைத்த கூட்டம் என்று எதுவும் இல்லை. முராரி ராவின் மராத்தியரும் மைசூர்க் குதிரைப்படையுமாகப் பல ஆயிரம் பேர் வரிசை முழுவதன் மீதும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஒரு குழு அடுத்த குழுவுக்கு உதவ வழியில்லை. ஐரோப்பியரில் 50 பேர் இறந்தார்கள். மற்ற எல்லோரும், பெரும்பாலும் காயத்தோடு, சிறைப்பட்டார்கள். சிப்பாய்ப் படை சிதறியது. வண்டிகளும் பீரங்கிகளும் பறிபோயின.

தாக்க வந்தவர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம். ஆகவே எப்படி நின்றிருந்தாலும் இதே கதிதான் என்று ஒருவர் வாதிடலாம். நிற்கும் முறைக்கு மட்டும் எவ்வளவு விலை என்று பிரித்துப் பார்க்க, ஒரு கற்பனைக் கணக்கு உதவும். காவலர் 980 பேர். தாக்குவோர் வெறும் 1,000 பேர், அதே திறமை, அதே ஆயுதம் என்று வைத்துக்கொள்வோம்.

காவலர் ஒன்றாகத் திரண்டு நின்றால்: 1,000-இன் வர்க்கம் 10,00,000. 980-இன் வர்க்கம் 9,60,400. மீதி 39,600. அது ஏறத்தாழ 199-இன் வர்க்கம். தாக்குவோர் ஜெயிக்கலாம், ஆனால் ஆயிரத்தில் 800 பேரைப் பறிகொடுத்த பிறகுதான். அந்த விலையைக் கொடுக்க எந்தத் தளபதியும் துணியமாட்டார்.

காவலர் 98 பேர் கொண்ட பத்துக் குழுக்களாகச் சிதறி, ஒவ்வொன்றாகத் தாக்கப்பட்டால்: 98-இன் வர்க்கம் 9,604. பத்துக் குழுவுக்கும் சேர்த்து 96,040. பத்து லட்சத்திலிருந்து கழித்தால் 9,03,960. அது ஏறத்தாழ 951-இன் வர்க்கம். தாக்குவோருக்கு இழப்பு 49 பேர்.

அதே 980 பேர். அதே துப்பாக்கிகள். சேர்ந்து நின்றால் எதிரிக்கு 801 பேர் நட்டம், பிரிந்து நின்றால் 49. கூட்டல் முறை இந்த இரண்டு நிலைகளுக்கும் ஒரே மதிப்பெண்தான் கொடுத்திருக்கும்.

ஆற்காட்டின் இடிந்த சுவர், 1751

அப்படியானால் சின்னப் படை ஒருபோதும் ஜெயிக்க முடியாதா? மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆற்காட்டில் நடந்தது இதற்கு மறுமொழி. நவாப் பதவிக்கு முகமது அலியோடு போட்டியிட்டுத் திருச்சியை முற்றுகையிட்டிருந்த சந்தா சாகிப்பின் கவனத்தைத் திருப்ப, ஆங்கிலேயர் தரப்பின் ராபர்ட் கிளைவ் 1751-இல் ஒரு சிறு படையோடு ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப் சுமார் 10,000 பேருடன் வந்து கோட்டையை வளைத்தார். உள்ளே ஏறத்தாழ 120 ஐரோப்பியரும் 200 சிப்பாய்களும். முற்றுகை 50 நாள் நீண்டு, கடைசித் தாக்குதல் நடந்த நவம்பர் நாளில் சண்டையிடும் நிலையில் இருந்தவர்கள் சுமார் 200 பேர்தான்.

இருபடி விதிப்படி இது சண்டையே இல்லை. 200-இன் வர்க்கம் நாற்பதாயிரம். 10,000-இன் வர்க்கம் பத்துக் கோடி. ஆனால் அந்த விதி எல்லோரும் ஒரே நேரத்தில் சுடக்கூடிய திறந்த வெளிக்கு உரியது. ஆற்காட்டில் உள்ளே நுழைய இருந்த வழிகள் பூட்டிய வாசல்களும், பீரங்கி அடித்து இடித்த சுவரின் இரண்டு திறப்புகளும்தான். பத்தாயிரம் பேர் வெளியே நின்றாலும், எந்த நொடியிலும் திறப்பில் ஏறக்கூடியவர்கள் சில பத்துப் பேர். சண்டை நேர் விதிக்குள் அடைபட்டுவிட்டது.

உள்ளே இருந்தவர்கள் நேர் விதியையும் தங்கள் பக்கம் வளைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்தவர் சுட்டுக்கொண்டே இருக்க, பின்னால் இருந்தவர்கள் வேறு துப்பாக்கிகளில் மருந்து கெட்டித்து ஒவ்வொன்றாகக் கைமாற்றிக் கொடுத்தார்கள். ஒருமுறை சுட்டபின் மறுபடி மருந்தும் குண்டும் இட்டுத் தயாராக அந்தக் காலத் துப்பாக்கிக்கு ஆகும் நேரம் முன்வரிசைக்கு மிச்சமானது. ஏறி வருபவருக்கோ அந்த வசதி இல்லை. சுமார் ஒரு மணி நேரத்தில் தாக்கியவர்களில் 400 பேர்வரை விழுந்தார்கள். உள்ளே இறந்தவர்கள் நான்கே பேர்.

கௌடில்யர் பதினைந்து ஆளுக்குச் சமம் என்ற யானைகளும் அங்கே இருந்தன. நெற்றியில் இரும்புத் தகடு பூட்டி, வாசற்கதவை இடித்துத் தள்ள அனுப்பப்பட்டன. குண்டு பட்டதும் அவை திரும்பித் தங்கள் படையினரையே மிதித்துக்கொண்டு ஓடின. கூட்டல் கணக்கில் பதினைந்தாகச் சேர்க்க வேண்டிய யானை அந்த வாசலில் கழிக்க வேண்டிய யானையாகிவிட்டது. கௌடில்யருக்கு இது வியப்பாக இருந்திருக்காது; எந்தப் படைக்கு எந்த நிலம் ஏற்றது என்று தனியாக எழுதிவைத்தவர் அவர்.

அரணுக்குள் இருப்பவரைத் தாக்க மூன்று மடங்கு படை வேண்டும் என்று ராணுவப் பள்ளிகளில் சொல்லப்படும் தோராயக் கணக்கும் இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்து திரண்டதுதான். ஆற்காட்டில் ஐம்பது மடங்கும் போதவில்லை.

கணக்கு எவ்வளவு தூரம் வரும்?

லான்செஸ்டரின் விதி உண்மைப் போரோடு ஒத்துப்போகிறதா என்று 1954-இல் எங்கெல் என்ற அமெரிக்க ஆய்வாளர் சோதித்தார். அவர் எடுத்துக்கொண்டது 1945-இல் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் நடந்த சண்டை. தீவு என்பதால் கணக்குச் சுத்தமாக இருந்தது. சுமார் 21,500 ஜப்பானியருக்குப் புதிய துணை வர வழியில்லை. அமெரிக்கர் எந்த நாளில் எத்தனை பேர் கரையிறங்கினார்கள் என்பது பதிவாகியிருந்தது. விதி வரைந்த கோடும், ஒவ்வொரு நாளும் களத்தில் மிஞ்சிய அமெரிக்கரின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒட்டியே நடந்தன.

மற்ற போர்களில் இந்தப் பொருத்தம் அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. பெரிய களத்தில் ஒரு மூலையில் நேர் விதியும் இன்னொரு மூலையில் இருபடி விதியும் ஓடும். பதுங்கியிருப்பவரைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பரப்பை நோக்கிக் குண்டு பொழிந்தால், அங்கே கூட்டம் அதிகமாக இருப்பதே பலவீனமாகிவிடும். தவிர, எந்தப் படையும் கடைசி ஆள் வரை நின்று சாவதில்லை.

இதைவிடப் பெரிய விடுபடல் சோறு. கிள்ளுக்கோட்டைத் தொடரை இழந்த பிறகும் திருச்சி விழவில்லை. தொண்டைமான் நாடு ஆங்கிலேயர் பக்கமே நின்றது. அதே 1754-இல் அந்த அரிசி ஊற்றை அடைக்க ஒரு பிரெஞ்சுப் படை தொண்டைமான் நாட்டுக்குள்ளேயே புகுந்தது. அதற்குள் ஊர்மக்கள் மாடுகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் அடர்ந்த காட்டுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வந்தவர்களுக்குக் கொளுத்தக் கிடைத்தவை வெறும் வீடுகள். கிள்ளனூரில் மட்டும் சில நூறு அரிசி மூட்டைகளும் ஓர் இரும்புப் பீரங்கியும் சிக்கின. பல மாதம் முற்றுகை நடத்திய ஒரு பெரிய படை, எதிரியின் சோற்றுப்பானையைக் கவிழ்க்க வந்து, மாடு மேய்க்கிறவர்களிடம் ஏமாந்து திரும்பியது. குறள் தனியாக எண்ணச் சொன்ன துணையின் பலம் இதுதான். அந்தக் காட்டுக்கும் அந்த மக்களுக்கும் எந்தப் பட்டியலிலும் மதிப்பெண் கிடையாது.

ஒரு எண் போய், ஆயிரம் எண்கள்

இதனால்தான் இன்று தொழிலாகவே போர்க் கணிப்பு செய்பவர்கள் ஒற்றை மதிப்பெண்ணை நம்புவதில்லை. இந்தியாவில் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பான டிஆர்டிஓ-வின் கீழ், டெல்லியில் இதற்கென்றே ஓர் ஆய்வகம் இயங்குகிறது. முப்படைகளும் பயிற்சிக்குப் பயன்படுத்தும் கணினிப் போர் விளையாட்டுகளை உருவாக்குவது அதன் வேலைகளில் ஒன்று.

இத்தகைய கணினிக் களத்தில் நிலம் வரைபடமாக விரிகிறது. யார் யாரைப் பார்க்க முடியும், எத்தனை பேர் ஒரே நேரத்தில் சுட முடியும், எரிபொருள் லாரி எந்த வழியாக வரும் என்பதெல்லாம் தனித்தனியாக உள்ளிடப்படுகின்றன. ஒவ்வொரு சின்ன மோதலுக்கும் லான்செஸ்டரின் விதிகளோ அவற்றின் பிள்ளைகளோ இழப்பைக் கணக்கிடுகின்றன. பிறகு அதே சண்டையை, அதிர்ஷ்டத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, நூற்றுக்கணக்கான முறை ஓடவிடுகிறார்கள். ஒரு படை நூற்றில் எழுபது முறை ஜெயிக்கிறது என்றால், தோற்ற முப்பதில் என்ன நடந்தது என்பதைத்தான் முதலில் அலசுகிறார்கள். பாலம் உடைந்ததா, துணைப்படை தாமதமானதா, காவல் வரிசை நீண்டுபோனதா?

கணினிக்கு இன்றும் பிடிபடாத ஒன்று உண்டு. கிள்ளுக்கோட்டைச் சாலையில் 800 சிப்பாய்களும் செத்து விழவில்லை. ஒரு கட்டத்தில் வரிசை கலைந்தது. ஆற்காட்டில் 10,000 பேரில் 400 பேர் விழுந்ததுமே தாக்குதல் நின்றுபோனது. நூற்றுக்கு நான்கு பேர் வீழ்ந்தால் கலையும் படையும் உண்டு, பாதிப் பேரை இழந்தும் நிற்கும் படையும் உண்டு. அந்த எல்லையை எது தீர்மானிக்கிறது என்பதை அளக்க முயன்றவர்களின் கதை அடுத்த அத்தியாயத்தில் வருகிறது.